கணினி விளையாட்டை எந்தக் கடையில் வாங்குவது? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கணினி வாங்கி அதில் விளையாடத் தொடங்கும் ஒருவரைக் குழப்புவது எந்த விளையாட்டை வாங்குவது என்ற கேள்வியைவிட, அதை எந்தக் கடையில் வாங்குவது என்ற கேள்விதான். ஒரே விளையாட்டு ஸ்டீமிலும் எபிக் கேம்ஸ் ஸ்டோரிலும் ஜிஓஜியிலும் கிடைக்கிறது. விலை சில நாட்களில் ஒன்றாக இருக்கிறது, சில நாட்களில் மாறுகிறது. ஒரு கடை ஒரு விளையாட்டை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்துவிட்டு மறுவாரம் அதையே முழு விலைக்கு விற்கிறது. இந்தக் கடைகள் எதற்காக இப்படிப் போட்டியிடுகின்றன என்பதை அறியாமல் வாங்கத் தொடங்குபவரின் விளையாட்டுகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஐந்தாறு கணக்குகளில் சிதறிக் கிடக்கும். எதை எங்கே வாங்கினோம் என்பதே மறந்துபோகும்.

போட்டியின் அடிப்படை எளிதானது. ஒரு கடையில் இருபது விளையாட்டுகளைச் சேர்த்துவிட்டவர் இருபத்தோராவதையும் பெரும்பாலும் அங்கேயே வாங்குவார். நண்பர் பட்டியல், சேமித்து வைத்த ஆட்டங்கள், விளையாட்டுக்குக் கூடுதலாக வாங்கிச் சேர்த்த துணைத் தொகுப்புகள் எல்லாம் அங்கே இருப்பதால் அவருக்கு இடம் மாற மனம் வராது. கடைகள் பிடிக்க முயல்வது அந்த முதல் இருபதைத்தான். ஆகவே தொடக்கத்தில் நீங்கள் எடுக்கும் சில முடிவுகள் பல ஆண்டுகளுக்கு உங்களோடு இருக்கும். அவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்பதைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கடைகளை அறிந்துகொள்ளுங்கள்

ஸ்டீமை நடத்துவது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம். 2003 செப்டம்பரில் தொடங்கிய இந்தக் கடை, தொடக்கத்தில் வால்வின் சொந்த விளையாட்டுகளைப் புதுப்பிப்பதற்கான மென்பொருளாகவே இருந்தது. 2004இல் வெளியான ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டை, வட்டில் வாங்கியவர்களும் ஸ்டீம் இல்லாமல் திறக்க முடியாது என்று வால்வ் வைத்ததால் பலர் கோபத்தோடுதான் அதை நிறுவினார்கள். இன்று அது கணினி விளையாட்டுகளின் மிகப் பெரிய கடை. 2025இல் ஒரே நேரத்தில் இணைந்திருந்தோரின் எண்ணிக்கை 4 கோடியைத் தாண்டியது. விற்பனையில் 30 சதவீதத்தை ஸ்டீம் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. 2018இன் இறுதியில், ஒரு விளையாட்டின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட தொகையில் 25 சதவீதம், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம் என்று அதை மாற்றியது.

அந்த அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, 2018 டிசம்பரில், ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் நிறுவனம் தன் கடையைத் திறந்தது. அதன் கமிஷன் 12 சதவீதம் மட்டுமே. அதாவது வரி நீங்கலாக 1,000 ரூபாய்க்கு விற்கும் ஒரு விளையாட்டிலிருந்து ஸ்டீமில் 300 ரூபாய் கடைக்குப் போனால் எபிக்கில் 120 ரூபாய்தான் போகும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரும் 2021 ஆகஸ்டில் கணினி விளையாட்டுகளுக்கான கமிஷனை 12 சதவீதமாகக் குறைத்தது. ஒரு விளையாட்டின் ஆண்டு வருமானத்தில் முதல் 10 லட்சம் டாலருக்குக் கமிஷனே வேண்டாம் என்று எபிக் 2025இல் இன்னும் ஒரு படி இறங்கியது.

ஜிஓஜி, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் குழுமத்திலிருந்து 2008இல் பிறந்த கடை. பழைய விளையாட்டுகளை இன்றைய கணினிகளில் ஓடும்படி சீர்செய்து விற்பதில் தொடங்கி, இப்போது புதியவற்றையும் விற்கிறது. பூட்டு எதுவும் இல்லாமல் விற்பது அதன் கொள்கை. அதைப் பற்றி ஆறாம் படியில் விரிவாகப் பேசுவோம். இட்ச் ஐஓ 2013இல் தொடங்கிய சிறு படைப்பாளிகளின் சந்தை. கடைக்கு எவ்வளவு பங்கு தருவது என்பதை விற்பவரே அங்கே தீர்மானிக்கலாம்; பூஜ்யம் என்றும் வைக்கலாம்.

இவற்றைத் தவிர, பெரிய வெளியீட்டாளர்கள் தங்கள் விளையாட்டுகளுக்கென்றே வைத்திருக்கும் ஈஏ ஆப், உபிசாஃப்ட் கனெக்ட், பேட்டில் நெட் போன்றவை உள்ளன. இவற்றில் உங்கள் சேமிப்பைக் கட்டாதீர்கள் என்பது என் அறிவுரை. பெதஸ்டா என்ற விளையாட்டு நிறுவனம், விளையாட்டுகளை வாங்கவும் திறக்கவும் வைத்திருந்த தன் லாஞ்சர் மென்பொருளை 2022 மே மாதம் மூடிவிட்டு, வாங்கியவர்களின் விளையாட்டுகளை ஸ்டீமுக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தது. ஈஏவும் உபிசாஃப்டும் ஸ்டீமை விட்டு விலகியிருந்துவிட்டுப் பிறகு திரும்பி வந்தன. பெரிய நிறுவனங்களாலேயே தனிக் கடையை மட்டும் நம்பி நிற்க முடியவில்லை என்பதை இது காட்டுகிறது.

இரண்டாம் படி: கணக்கைச் சரியாகத் திறங்கள்

முதலில் ஸ்டீம், எபிக், ஜிஓஜி ஆகிய மூன்றிலும் கணக்குத் திறந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் ஒரே மின்னஞ்சலையே பயன்படுத்துங்கள். அந்த மின்னஞ்சல் நீங்கள் நெடுங்காலம் வைத்திருக்கப் போவதாக இருக்கட்டும். கல்லூரி தந்த முகவரியோ அலுவலக முகவரியோ வேண்டாம், ஏனெனில் அங்கிருந்து வெளியேறிய பிறகு கடவுச்சொல்லை மீட்க வழியிருக்காது. கடவுச்சொல் மட்டும் மூன்றுக்கும் வேறு வேறாக இருக்க வேண்டும்.

அடுத்ததாக, ஒரு பைசா செலவழிக்கும் முன்பே இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்குங்கள். ஸ்டீமில் இதன் பெயர் ஸ்டீம் கார்ட்; கைபேசியில் ஸ்டீம் செயலியை நிறுவினால், உள்நுழையும் ஒவ்வொரு முறையும் அதில் ஒப்புதல் கேட்கும். விளையாட்டுக் கணக்குகளைத் திருடுவோர் பெரும்பாலும் ஒரே முறையைத்தான் கையாள்கிறார்கள். நண்பரின் கணக்கிலிருந்தே ஒரு செய்தி வரும். "எங்கள் அணிக்கு ஒரு ஓட்டுப் போடு" என்று ஒரு இணைப்பு இருக்கும். திறந்தால் ஸ்டீமின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் தோன்றும். அங்கே கடவுச்சொல்லையும் ஒப்புதல் எண்ணையும் கொடுத்துவிட்டால் கணக்கு போய்விடும். நண்பர் அனுப்பியதாயிற்றே என்று நம்பாதீர்கள். அவருடைய கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும்.

நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் நேர்மையாக இருங்கள். ஸ்டீம் 2015 முதல் இந்தியாவில் ரூபாயில் விலை காட்டுகிறது. மலேசியாவில் ரிங்கிட்டிலும் சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலரிலும் காட்டுகிறது. இலங்கையில் அமெரிக்க டாலரில்தான் வாங்க வேண்டும். நாட்டுக்கு நாடு விலை வேறுபடுவதால், குறைந்த விலையுள்ள நாட்டில் இருப்பதாகக் காட்டி வாங்குவோர் முன்பு இருந்தனர். அதைத் தடுக்கவே, கணக்கின் நாட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும் என்றும், அந்த நாட்டின் பணம் செலுத்தும் முறையால் வாங்கினால்தான் மாற்றம் செல்லும் என்றும் ஸ்டீம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விபிஎன் வழியாக நாட்டை மறைத்து வாங்குவது விதிமீறல். அதனால் கணக்கே முடங்கக்கூடும்.

ஸ்டீமில் புதிய கணக்கு சில கட்டுப்பாடுகளோடுதான் திறக்கும். மொத்தம் 5 டாலர் மதிப்புக்குச் செலவு செய்யும் வரை நண்பர் அழைப்பு அனுப்புவது போன்ற வசதிகள் கிடைக்காது. இது உங்கள் கணக்கில் உள்ள கோளாறு அல்ல. போலிக் கணக்குகளைத் தடுக்கும் ஏற்பாடு.

மூன்றாம் படி: நீங்கள் விரும்பும் விளையாட்டு எங்கெங்கே கிடைக்கிறது என்று பாருங்கள்

எல்லா விளையாட்டுகளும் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. இதற்குப் பெரிய காரணம் ஒரே கடைக்கு மட்டும் விற்பனை உரிமை தரும் ஒப்பந்தம். தன் கடையில் மட்டும் குறிப்பிட்ட காலம் விற்பதற்காக எபிக் படைப்பாளிகளுக்கு முன்பணம் கொடுத்தது. இதில் பெரும் சர்ச்சைக்குள்ளானது மெட்ரோ எக்ஸோடஸ். ஸ்டீமில் முன்பதிவு நடந்துகொண்டிருந்த அந்த விளையாட்டு, வெளியீட்டுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் இருக்கும்போது, 2019 ஜனவரி இறுதியில், ஓராண்டுக்கு எபிக்கில் மட்டும் விற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஸ்டீமிலேயே கிடைத்தது என்றாலும் மற்றவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பார்டர்லேண்ட்ஸ் 3, 2020 மார்ச்சில்தான் ஸ்டீமுக்கு வந்தது. இதற்கு மாறாக, எபிக்கே வெளியிட்ட ஆலன் வேக் 2 ஸ்டீமுக்கு வராமல் எபிக்கிலேயே நின்றுவிட்டது.

ஆகவே ஒரு விளையாட்டு ஒரு கடையில் மட்டும் இருந்தால், அது காலவரையுள்ள ஒப்பந்தமா, நிரந்தரமா என்று விசாரியுங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ என்றால் காத்திருப்பதில் இழப்பில்லை. அதற்குள் பிழைகள் திருத்தப்பட்டிருக்கும்; மற்றக் கடைக்கு வரும்போது பெரும்பாலும் தள்ளுபடியும் இருக்கும்.

நம்மவர் பலர் தேடும் ஒரு விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைச் சுற்றி நடக்கும் வெண்பா, 2023 ஜூலை 31 அன்று வெளியானது. கணினியில் அதை ஸ்டீமில் விலை கொடுத்து வாங்கலாம் என்ற நிலை இருந்த அதே நாளில், பல விளையாட்டுகளை ஒரே சந்தாவில் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸை வைத்திருந்தவர்கள் கூடுதல் செலவின்றி விளையாட முடிந்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டு அது. முடித்த பிறகு மீண்டும் திறந்து பார்க்கும் எண்ணம் இல்லாதவருக்குச் சந்தா போதும். தன் பிள்ளைக்கும் பின்னாளில் காட்ட வேண்டும் என்று நினைப்பவர் வாங்கிவைப்பதே சரி. கடையைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்தக் கேள்வியை ஒவ்வொரு விளையாட்டுக்கும் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: விலையை ஒப்பிடுங்கள்

கமிஷன் குறைந்த கடையில் விலையும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறையில் அது அரிதாகவே நடந்தது. மெட்ரோ எக்ஸோடஸ் அமெரிக்காவில் வழக்கமான 59.99 டாலருக்குப் பதிலாக எபிக்கில் 49.99 டாலருக்கு வந்தது. ஆனால் அது வழக்கமாகவில்லை. மிச்சமாகும் பணம் பெரும்பாலும் வெளியீட்டாளரிடமே தங்கியது. படைப்பாளிக்குப் போவது நல்லதுதான் என்றாலும், வாங்குபவர் கையில் அதன் பயன் தெரியவில்லை.

விலை ஏன் எல்லா இடத்திலும் ஒன்றாகவே நிற்கிறது என்பதைப் பற்றி ஒரு வழக்கும் நடந்துவருகிறது. வேறு கடைகளில் குறைத்து விற்கக் கூடாது என்று வால்வ் படைப்பாளிகளைக் கட்டுப்படுத்துகிறது என்று கூறி, வுல்ஃபயர் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2021இல் வழக்குத் தொடுத்தது. வால்வ் அதை மறுக்கிறது. 2024 நவம்பரில் சியாட்டில் நீதிமன்றம் அதைப் படைப்பாளிகள் அனைவரின் சார்பிலான கூட்டு வழக்காக நடத்த அனுமதித்தது. தீர்ப்பு எப்படி அமைந்தாலும் வாங்குபவருக்கு இதில் அக்கறை உண்டு, ஏனென்றால் கடைகள் விலையில் போட்டியிடத் தொடங்கினால்தான் அந்த 18 சதவீத வேறுபாடு நம்மை வந்தடையும்.

அதுவரை செய்யக்கூடியது தள்ளுபடிக் காலங்களைப் பயன்படுத்துவது. ஸ்டீம் ஆண்டுக்கு நான்கு பெரிய தள்ளுபடிகளை நடத்துகிறது. அவற்றில் ஜூன் இறுதியில் வழக்கமாக வரும் கோடைத் தள்ளுபடியும் டிசம்பர் இறுதியில் வரும் குளிர்காலத் தள்ளுபடியும் முக்கியமானவை. அமெரிக்க மேற்குக் கடற்கரை நேரப்படி காலை 10 மணிக்கு விலைகள் மாறும். இந்திய நேரப்படி அது கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் இரவு 11.30. முதல் அரை மணி நேரம் கடை திணறும். பல நாட்கள் நீடிக்கும் தள்ளுபடிக்காக அந்த இரவில் கண்விழிக்க வேண்டிய தேவை இல்லை.

விரும்பும் விளையாட்டுகளை மூன்று கடைகளிலும் விஷ்லிஸ்டில் சேர்த்துவிடுங்கள். விலை குறைந்தால் மின்னஞ்சல் வரும். இஸ் தேர் எனி டீல் என்ற தளம் பல கடைகளின் விலையை ஒரே பக்கத்தில் ஒப்பிட்டுக் காட்டும். ஸ்டீம்டிபி என்ற தளத்தில் ஒரு விளையாட்டு ஸ்டீமில் இதுவரை இறங்கிய ஆகக் குறைந்த விலையை ரூபாயிலேயே பார்க்கலாம். 60 சதவீதத் தள்ளுபடி என்று பச்சை நிறத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து மகிழும் முன், சென்ற ஆண்டு இதே விளையாட்டு 75 சதவீதத் தள்ளுபடியில் போனதா என்று அங்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லா விளையாட்டும் இறங்கும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். ஃபேக்டோரியோவை உருவாக்கியவர்கள் தள்ளுபடியே தருவதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் அதன் விலையை 30 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தவும் செய்தார்கள்.

ஐந்தாம் படி: கீ வாங்கும்போது விற்பவர் யார் என்று பாருங்கள்

ஸ்டீம் கீ என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. அதை ஸ்டீமில் உள்ளிட்டால் விளையாட்டு உங்கள் கணக்கில் சேரும். படைப்பாளிகள் இந்தக் கீக்களை வால்விடமிருந்து இலவசமாகப் பெற்று வேறு கடைகள் வழியாக விற்கலாம். அந்த விற்பனையில் வால்வ் கமிஷன் எடுப்பதில்லை. ஹம்பிள் பண்டில், ஃபனாடிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்ற கடைகள் வெளியீட்டாளரிடமிருந்தே கீக்களைப் பெற்று விற்கின்றன. விளையாட்டு ஸ்டீமிலேயே இருக்க வேண்டும், ஆனால் விலை குறைய வேண்டும் என்பவருக்கு இது நல்ல வழி. வாங்கும் முன் அந்தக் கீ எந்த நாட்டில் செல்லும் என்ற குறிப்பை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

யார் வேண்டுமானாலும் கீ விற்கக்கூடிய சந்தைத் தளங்கள் வேறு வகை. அங்கே கீ எங்கிருந்து வந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. திருட்டுக் கிரெடிட் கார்டில் கீக்களை வாங்கி அங்கே விற்றுக் காசாக்குவோர் உண்டு. கார்டின் உரிமையாளர் வங்கியில் புகார் செய்தால் பணம் திரும்பிப் போகும், அந்தச் செலவு படைப்பாளியின் தலையில் விழும். ஃபேக்டோரியோ நிறுவனம் இதைப் பற்றிப் பகிரங்கமாகக் குரல் எழுப்பியதன் விளைவாக நடந்த ஆய்வில், ஜி2ஏ சந்தையில் விற்கப்பட்ட அதன் கீக்களில் 198 முறையற்ற வழியில் வந்தவை என்று உறுதியானது. 2020இல் ஜி2ஏ அந்த நிறுவனத்துக்கு 39,600 டாலர் கொடுத்தது.

என் அக்கா மகன் இப்படிப்பட்ட ஒரு தளத்தில், ஸ்டீமில் 1,500 ரூபாய்க்கு மேல் இருந்த ஒரு விளையாட்டின் கீயை 600 ரூபாய்க்கு வாங்கினான். ஸ்டீமைத் திறந்து, கீயை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து உள்ளிட்டான். இந்தக் கீ ஏற்கெனவே வேறொரு கணக்கில் பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று வந்தது. "மாமா, ஒருவேளை பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் மாத்திப் போட்டுட்டேனோ?" என்று கேட்டுவிட்டு இன்னொரு முறை முயன்றான். அதே பதில்தான் வந்தது. தளத்துக்கு எழுதினால் விற்பவரைக் கேள் என்றார்கள். விற்பவர் பதிலே தரவில்லை. மாதக்கணக்கில் சேர்த்த பணம் அது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு, வெளியீட்டாளரின் அனுமதி பெறாத எந்தத் தளத்தையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு கடை அனுமதி பெற்றதா என்ற ஐயம் வந்தால் இஸ் தேர் எனி டீல் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே அனுமதி பெற்ற கடைகளை மட்டுமே சேர்க்கிறார்கள்.

ஆறாம் படி: எதை வாங்குகிறீர்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்டீமிலும் எபிக்கிலும் நீங்கள் பணம் கொடுத்துப் பெறுவது விளையாட்டைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. கலிஃபோர்னியா மாநிலம் இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, பணம் செலுத்தும் பக்கத்தில் அப்படியொரு வரியை ஸ்டீம் சேர்த்துவிட்டது. கணக்கை விற்கவோ பிறருக்கு மாற்றிக் கொடுக்கவோ ஒப்பந்தம் இடம் தருவதில்லை.

உரிமம் பறிபோனால் என்ன ஆகும் என்பதற்கு தி க்ரூ விளையாட்டு ஓர் எடுத்துக்காட்டு. இணைய இணைப்பு இல்லாமல் இயங்காத இந்தக் கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை உபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஓட்டிப் பார்க்க முடியாமல் போயிற்று. அதை எதிர்த்து எழுந்த ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் கையொப்பங்களைத் தாண்டியது.

ஜிஓஜியின் சிறப்பு இங்கேதான் வருகிறது. அங்கேயும் சட்டப்படி கிடைப்பது உரிமம்தான். ஆனால் கடையின் சரிபார்ப்பு இல்லாமல் விளையாட்டைத் திறக்கவிடாத டிஆர்எம் என்னும் பூட்டு இல்லாத நிறுவல் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். உங்கள் விளையாட்டின் பக்கத்தில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்ற பகுதியைத் திறந்தால், பெரிய விளையாட்டாக இருந்தால் ஒரு நிறுவல் கோப்பும் அதைத் தொடர்ந்து எண்ணிட்ட பல கோப்புகளும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் இறக்கி, வெளி வன்தட்டில் படியெடுத்து, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை நிறுவிப் பாருங்கள். அது இயங்கினால், நாளை அந்தக் கடையே இல்லாமல் போனாலும் விளையாட்டு உங்களிடம் இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எண்ணிட்ட கோப்புகளில் ஒன்று குறைந்தாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

என் தேர்வு இதுதான்: கதையோடு தனியாக விளையாடும் விளையாட்டு ஜிஓஜியில் இருந்தால், பத்து இருபது சதவீதம் விலை கூடினாலும் அங்கேயே வாங்குவேன். நண்பர்களோடு இணையத்தில் விளையாடுவது, பயனர்கள் உருவாக்கும் மாற்றங்களை நம்பியிருப்பது ஆகியவற்றுக்கு ஸ்டீம் மேலானது.

ஸ்டீமில் வாங்கும்போதும் பக்கத்தின் வலப்புறத்தைக் கவனியுங்கள். டெனுவோ போன்ற பூட்டு இருந்தாலும், வேறு நிறுவனத்தின் கணக்குத் தேவைப்பட்டாலும் அங்கே குறிப்பிட்டிருப்பார்கள். உபிசாஃப்ட் விளையாட்டை ஸ்டீமில் வாங்கினாலும் உபிசாஃப்ட் கனெக்ட் தனியே திறக்கும். இதை வாங்கிய பிறகு அறிந்து வருந்துவோர் பலர்.

ஏழாம் படி: பணம் செலுத்துதலும் திரும்பப் பெறுதலும்

இந்தியாவில் ஸ்டீம் யுபிஐயை ஏற்கிறது. அதுவே எளிய வழி. டாலரில் விலை காட்டும் கடைகளுக்குக் கார்டு தேவைப்படும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய கார்டுகளில் இணையப் பரிவர்த்தனையும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் அடைத்தே தரப்படுகின்றன. வங்கிச் செயலியில் நீங்களே திறக்க வேண்டும். டாலர் விலையை ரூபாயில் மாற்றிக் கணக்கிடும்போது வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைவாகத் தோன்றிய விலை சில நேரம் அதனால் உயர்ந்துவிடும்.

திரும்பப் பெறும் விதி ஸ்டீமிலும் எபிக்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஜிஓஜியில் 30 நாட்கள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். அந்தத் தாராளத்தைத் தவறாகப் பயன்படுத்தாதீர்கள். ஸ்டீம் இந்த விதியை 2015 ஜூனில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது வழக்குத் தொடுத்திருந்தது. 2016 டிசம்பரில் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. வாங்குபவருக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பில் கடைகளின் போட்டிக்கு மட்டுமல்லாமல் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

அந்த 2 மணி நேரத்தைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். விளையாட்டைத் திறந்தவுடன் கதைக்குள் போகாமல், முதலில் அமைப்புகளில் உங்கள் திரைக்கேற்ற அளவை வைத்து, கூட்டமும் சண்டையும் உள்ள ஓர் இடம் வரை போய், படம் தடுமாறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். லாஞ்சர் திறந்திருக்கும் நேரமும் சில விளையாட்டுகளில் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், இயக்கிவிட்டுச் சாப்பிட எழுந்து போகாதீர்கள். முழு விலைக்கு வாங்கிய சில நாட்களில் தள்ளுபடி வந்துவிட்டால், இதே விதிக்குள் திரும்பக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மீண்டும் வாங்கலாம். அதை முறைகேடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமே தன் விதிகளில் சொல்லியிருக்கிறது.

எட்டாம் படி: இலவசங்களை அறிந்து எடுத்துக்கொள்ளுங்கள்

எபிக் ஒவ்வொரு வியாழக்கிழமையும் குறைந்தது ஒரு விளையாட்டை இலவசமாகத் தருகிறது. இந்திய நேரப்படி கோடையில் இரவு 8.30க்கும் குளிர்காலத்தில் 9.30க்கும் பட்டியல் மாறும். அந்த வாரத்துக்குள் உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டால் பிறகு எப்போதும் அது உங்களிடம் இருக்கும். இறக்கி நிறுவ வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. 2020 மே மாதம் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5ஐ இலவசமாகத் தந்த அன்று கூட்டம் தாங்காமல் கடையே முடங்கியது.

இவ்வளவு ஏன் தருகிறார்கள் என்பதற்கான விடை, ஆப்பிளுக்கு எதிராக எபிக் தொடுத்த வழக்கில் 2021இல் வெளியான ஆவணங்களில் இருக்கிறது. முதல் ஒன்பது மாத இலவசங்களுக்கு எபிக் ஏறத்தாழ 1.16 கோடி டாலர் செலவிட்டது. அதன் வழியாக வந்த புதிய கணக்குகள் கிட்டத்தட்ட 50 லட்சம். ஒரு வாடிக்கையாளருக்கான செலவு 2 டாலர் சொச்சம். விளம்பரத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் விளையாட்டாக உங்களிடம் வருகிறது. அதைப் பெற்றுக்கொள்வதில் தவறேதும் இல்லை.

எடுக்கும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள். நகரத்தை உருவாக்கும் சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2020 டிசம்பரில் எபிக்கில் இலவசமாகக் கிடைத்தது. அந்த விளையாட்டுக்கு வந்த துணைத் தொகுப்புகள் ஏராளம். அடிப்படை விளையாட்டு எபிக்கில் இருந்தால் அவற்றையும் எபிக்கிலேயே வாங்க வேண்டும், ஸ்டீமில் வாங்கிய தொகுப்பு அங்கே சேராது. அந்த விளையாட்டின் உயிர்நாடியாக விளங்கும் பயனர் உருவாக்கங்களோ ஸ்டீமின் வொர்க்‌ஷாப்பில் இருக்கின்றன; எபிக் பிரதிக்கு அவை கிடைக்கவில்லை. இலவசப் பிரதியில் பழகிவிட்டுத் துணைத் தொகுப்பு வாங்க நினைக்கும் அந்தத் தருணத்தில்தான், இனி எந்தக் கடையில் தொடர்வது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். பிடித்துவிட்டது என்றால், தள்ளுபடியில் ஸ்டீம் பிரதியை வாங்கிவிட்டு அதன் மேல் தொகுப்புகளைச் சேர்ப்பதே பல நேரங்களில் சிக்கனம்.

ஒன்பதாம் படி: சிதறியதை ஒன்றாக்குங்கள்

மூன்று கடைகளையும் பயன்படுத்தினால் மூன்று லாஞ்சர்கள் கணினியில் இருக்கும். ஒவ்வொன்றின் அமைப்புகளிலும் கணினி தொடங்கும்போது தானே இயங்கும் வசதியை நிறுத்திவையுங்கள். குறைந்த நினைவகமுள்ள கணினியில் இதன் பயன் உடனே தெரியும். பிறகு பிளேநைட் என்ற கட்டற்ற மென்பொருளையோ ஜிஓஜி கேலக்ஸியையோ நிறுவி மூன்று கணக்குகளையும் இணைத்தால், வாங்கியவையும் இலவசமாகப் பெற்றவையும் ஒரே பட்டியலில் வரும். ஒரு விளையாட்டை வாங்கும் முன் அந்தப் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். என்றோ ஒரு வியாழக்கிழமை எடுத்து மறந்த விளையாட்டை மறுபடி விலை கொடுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

வீட்டில் ஒருவருக்கு மேல் விளையாடுவதாக இருந்தால் ஸ்டீம் ஃபேமிலிஸ் வசதியை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டிலுள்ள ஆறு பேர் வரை தங்கள் விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் வெவ்வேறு விளையாட்டுகளை விளையாடலாம், ஒரே விளையாட்டை இருவர் விளையாட இரண்டு பிரதிகள் வேண்டும். தெரிந்த நண்பர்களையெல்லாம் குடும்பம் என்று சேர்க்காதீர்கள்: விலகிச் செல்பவர் வேறு குடும்பத்தில் சேர, முதல் குடும்பத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், அவருடைய இடத்துக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. உங்கள் பிரதியில் அவர் ஏமாற்று மென்பொருள் பயன்படுத்திப் பிடிபட்டால், அந்த விளையாட்டில் உங்களுக்கும் தடை விழும்.